ஹோப் பண்ணையின் பசு

கரிபியன் கடலிலுள்ள யமேக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்ரனை அடுத்து ஹோப் என்றோர் இடம் உண்டு. ஆங்கில மொழியில் அச்சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருளாயினும், இவ்விடத்துக்கு அப்பெயர் வந்தது அப்பொருள் பற்றியன்று. 1655ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஸ்பானியரிடமிருந்து தீவைப் பறித்தபோது, அப்படையில் வந்த றிச்சாட் ஹோப் என்னும் அதிகாரிக்குப் பரிசாகக் கிடைத்த நிலம் அது. அந்நிலத்தில் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் கரும்பு நட்டனர்; ஆற்று நீரைத் திருப்பி ஆலையை ஓட்டினர்; இறந்தும் போயினர். பிற்காலத்தில் அந்நிலத்தின் ஒரு பகுதி அரசினரின் பூங்காவாகவும் விவசாயப் பண்ணையாகவும் மாறிற்று. அப்பண்ணையில் உருவான ஒரு கறவை இனமே இன்று யமேக்கா ஹோப் எனப்படுகின்றது. வெப்ப வலய நாடொன்றில், அந்நாட்டு மக்களின் தேவையைக் கருதி, அந்நாட்டு மைந்தன் ஒருவனால் அறிவியல் முறைப்படி ஆக்கப்பெற்ற பால் மாட்டினம் இது.

மாடுகளைப் பற்றிய நூல்களில் இவ்வினத்துக்கு வழக்கமாக ஒரு பத்தி ஒதுக்கப்படும். எண்பது வீதம் ஜேர்சி, பதினைந்து வீதம் சாகிவால், ஐந்து வீதம் பிறீசியன், வெப்பத்தைத் தாங்கும், உண்ணிக்கு ஈடுகொடுக்கும், அவ்வளவே. இப்பத்தி பொய்யன்று. ஆயினும், ஒரு பசுவின் உடலுக்குள் ஒரு சமுதாயத்தின் நானூறு ஆண்டு வரலாறு எவ்வாறு புகுந்துகொண்டது என்பதை அது சொல்வதில்லை.

அமெரிக்கக் கண்டத்தில் மாடு சுதேச விலங்கன்று. கொலம்பஸ் 1494இல் யமேக்காவில் இறங்கியபோது அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் மாட்டை அறியார். ஸ்பானியர் கொண்டுவந்து விட்ட மாடுகள் புல்வெளிகளிற் பெருகின. அதே காலத்தில் தைனோ மக்கள் நோயாலும் கட்டாய வேலையாலும் அருகி அழிந்தனர். ஸ்பானியருக்கு மாடு என்பது தோலும் கொழுப்புமே. அடுத்து வந்த ஆங்கிலேயருக்கு அது எருது. கரும்பை வயலிலிருந்து ஆலைக்கு இழுக்கவும், ஆறு இல்லாத இடங்களில் ஆலைச் செக்கைச் சுற்றவும் எருதுகள் வேண்டியிருந்தன. இவ்வெருதுகளைத் தோட்டங்களுக்கு விற்பதற்காகவே தனிப்பட்ட கால்நடைப் பண்ணைகள் எழுந்தன. அவற்றிலும் உழைத்தவர் அடிமைகளே. உழைப்பவனுக்கு உணவு வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த உப்புக் கருவாடு. பால் என்பது தோட்டத்துரையின் மேசைக்குரிய பொருள். ஆக, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாடுகள் நிறைந்திருந்த ஒரு தீவில் பால் தரும் மாடு ஒன்றை உருவாக்கவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது, பாலுக்கு உரியவர் யார் என்ற கேள்வியை அச்சமுதாயம் அனுமதிக்கவில்லை.

1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். சமவெளிகள் தோட்டக்காரர் கையிலேயே இருந்தன. விடுதலை பெற்றோர் மலைச்சரிவுகளில் ஏறிச் சிறு துண்டு நிலங்களைக் கொத்திக் கிழங்கும் வாழையும் நட்டுக் குடியேறினர். தோட்டக்காரர் கூலிக்கு ஆள் தேடி இந்தியாவுக்கு வந்தனர். 1845இல் முதற் கப்பல் யமேக்காவை அடைந்தது; 1917 வரையில் முப்பத்தாறாயிரம் பேரளவில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். நம் மலைநாட்டுத் தோட்டங்களின் கதையை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மனிதரைக் கொண்டுசென்ற அதே தோட்டக்காரர், வெயிலில் வண்டியிழுக்க வல்லவை என்பதற்காகத் திமிலுடைய இந்திய மாடுகளையும் கொண்டுசென்றனர். 1865இல் மொறன்ற் பே என்னுமிடத்தில் நிலமும் நீதியும் கேட்டெழுந்த மக்களை ஆளுநர் அயர் கொடுமையாக ஒடுக்கினார். மக்கள் தலைவன் போல் போகிள் தூக்கிலிடப்பட்டான். மலைச்சரிவில் ஒரு துண்டு நிலமும், சமவெளியில் முடிவில்லாத தோட்டமும் என்ற பிரிவினை அதன் பின்னும் மாறவில்லை. இப்பிரிவினை மாட்டின் கதைக்கு முக்கியமானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரங்கள் வளர, அதிகாரிகளும் வர்த்தகரும் பெருக, பாலுக்குக் கேள்வி எழுந்தது. 1910 அளவில் ஹோப் பண்ணையில் அரசினர் ஒரு கறவைப் பட்டியைச் சேர்த்தனர். வழி எளிதாகத் தோன்றிற்று: ஐரோப்பாவில் நிறையப் பால் தரும் மாடுகளை இறக்கினாற் போதுமே! அயர்சயர், ஜேர்சி, குவேர்ன்சி, பிறீசியன் எனப் பல இனங்கள் வந்திறங்கின. அவை மெலிந்தன, காய்ச்சற் கண்டன, பல இறந்தன.

காரணம் எளிது. மாட்டின் முதல் இரைப்பை ஓர் அடுப்பு. அங்கே புல் நொதித்துச் சமிக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. மிகுதியாகப் பால் சுரக்க மிகுதியாகத் தின்ன வேண்டும். மிகுதியாகத் தின்றால் வெப்பமும் மிகும். ஸ்கொத்லாந்தின் குளிர்காற்றில் அவ்வெப்பம் எளிதாக வெளியேறும். கிங்ஸ்ரனில் எங்கே வெளியேறும்? எனவே பசு தின்பதைக் குறைத்துக்கொள்கின்றது, பால் வற்றுகின்றது, சினைப்படுவதும் தவறுகின்றது. வெப்ப வலயத்துப் புல்லோ விரைவில் முற்றி நாராகிச் சத்துக் குன்றிவிடும். இவையாவும் போதாவென்று உண்ணிகள். உண்ணி குடிக்கும் இரத்தத்தினும் அது விட்டுச்செல்லும் நோயே கொடியது. குருதிச் செங்கலங்களை அழிக்கும் உண்ணிக் காய்ச்சல், பழக்கமில்லாத நாட்டிலிருந்து வந்த மாட்டைச் சில நாட்களிற் கொன்றுவிடும்.

இந்திய மாடுகள் இவற்றையெல்லாம் தாங்கின. தொங்கு தோலும், மிகுந்த வியர்வைச் சுரப்பிகளும், குறைவாகவே வெப்பம் பிறப்பிக்கும் உடலும் அவற்றுக்கு உண்டு. உண்ணி பற்றினும் பெருகவிடாத எதிர்ப்பு அவற்றின் தோலிலேயே உண்டு. குறையும் உண்டு. காலந்தாழ்த்திப் பருவமடையும், சில மாதங்களிற் பால் மறுத்துவிடும், கன்று அருகில் நின்று முட்டினாலன்றி மடியிறக்காது. நம் ஊர்களில் மாடு வளர்ப்போர் எவரும் இதனை அறிவர்.

ஹோப் பட்டியில் ஐரோப்பிய இனங்களுள் ஓரளவு நிலைத்தது ஜேர்சி. பிரான்சின் கரையோரத்தில் ஆங்கில முடியின்கீழுள்ள ஒரு சிறு தீவே அதன் தாயகம். அத்தீவினர் தம் மாடுகளைத் தீர்வையின்றி இங்கிலாந்துக்கு அனுப்பும் சலுகை பெற்றிருந்தனர். பிரெஞ்சு மாடுகளை இறக்கி ஜேர்சி மாடென்று அனுப்பும் வியாபாரிகளைத் தடுக்க 1763இலும் 1789இலும் சட்டங்கள் செய்தனர். வேற்று மாட்டின் இரத்தம் தீவிற் கலவாதவாறு அத்தடை 2008 வரை நீடித்தது. இன்று ‘தூய இனம்’ என்று போற்றப்படும் ஒன்றின் பிறப்பில் சுங்கத் தீர்வைக்கு இத்துணைப் பங்கு இருந்ததென்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சிறிய உடல், மான் நிறம், குழிந்த நெற்றி, கரிய மூக்கைச் சுற்றி வெளிர் வளையம், ஐந்து வீதமளவு கொழுப்புள்ள பால் – இவை அதன் அடையாளங்கள். சிறிய உடலாதலின் குறைந்த தீனியில் வாழும். வெப்பத்தையும் பெரிய இனங்களினும் சற்று நன்றாகத் தாங்கும்.

சாகிவாலின் கதை வேறு. பஞ்சாபில் ராவி, சத்லெஜ் ஆறுகளுக்கிடையிலிருந்த வறண்ட மேய்ச்சல் நிலத்தில் இடையர் குலங்கள் வளர்த்த செம்பழுப்பு மாடு அது. ஆங்கிலேயர் அம்மாவட்டத்துக்குத் தம் ஆளுநர் மொன்ற்கொமறியின் பெயரைச் சூட்டியதால் மாட்டுக்கும் சிலகாலம் அப்பெயரே வழங்கிற்று. அம்மேய்ச்சல் நிலங்களிற் கால்வாய் வெட்டிக் குடியேற்றங்களை அமைத்தபோது, ‘காட்டார்’ எனத் தாம் இழித்துரைத்த அவ்விடையரின் புல்வெளிகளை அவர்கள் பங்கிட்டனர். குதிரைப்படைக்குக் குதிரை வளர்ப்போருக்கு நிலம் கிடைத்தது. பால் மாட்டை நூற்றாண்டுகளாகத் தேர்ந்து வளர்த்தோர் ஒதுங்கினர். எஞ்சிய நல்ல மாடுகளிற் சில பீகாரில் 1905இல் நிறுவப்பட்ட பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குச் சேர்ந்தன. அங்கிருந்தே சாகிவால் இரத்தம் ஒரு காளையின் வாயிலாக யமேக்காவின் ஹோப் பண்ணையை அடைந்தது. பெயரறியாத பஞ்சாபி இடையரின் கண்பார்வையும் கைத்திறனும் அக்காளையோடு கடல்கடந்தன என்றால் மிகையன்று. இன விருத்தி வரலாறுகளில் அவர்களுக்கு இடமில்லை.

கலப்பு நிகழ்ந்துவிட்டது. ஆனால் கலப்பு என்பது இனமன்று. முதல் தலைமுறை நன்றாயிருக்கும். அடுத்த தலைமுறையில் ஒன்று ஜேர்சியின் பாலும் சாகிவாலின் வலிமையும் பெறும். மற்றொன்று இரண்டின் குறைகளையும் பெறும். இதனைச் சீர்ப்படுத்த ஒருவர் ஆயுள் முழுதும் ஒதுக்க வேண்டியிருந்தது.

தோமஸ் பிலிப் லெக்கி 1904இல், யமேக்காவின் கிழக்கே போட்லண்ட் பிரிவில், சுவிப்ற் றிவர் என்னும் ஊரில் வறிய விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தார். மலையும் ஆறும் வாழைத் தோட்டங்களும் நிறைந்த பகுதி அது. வாழைக்குலையின் விலையைத் தீர்மானித்தவை கப்பலும் கொம்பனியும், பயிரிட்டவன் அல்லன். ஹோப்பிலிருந்த விவசாயப் பாடசாலையிற் பயின்று, அரசாங்க சேவையிற் புகுந்து, முப்பதுகளில் கனடா சென்று விவசாயமும் கால்நடை வளர்ப்பும் கற்றார். நாடு திரும்பியபோது அங்கு கொதிநிலை நிலவிற்று. 1938 மே மாதத்தில் புறோம் என்ற கரும்புத் தோட்டத்தில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர், பொலீசார் சுட்டனர், கலகம் தீவெங்கும் பரந்தது. அக்கிளர்ச்சியின் விளைவாகவே தொழிற்சங்கங்களும், 1944இல் சர்வசன வாக்குரிமையும் வந்தன. பட்டினியும் பிள்ளைகளின் போசாக்கின்மையும் அப்போது அரசியற் பிரச்சினைகளாயின.

லெக்கி மாட்டை இக்கண்ணோட்டத்திலேயே பார்த்தார். அதிகாரிகள் கருதியது சமவெளிப் பண்ணை. அங்கே பெரிய மாடு நிற்கலாம். லெக்கியின் மனத்திலிருந்ததோ மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவன். அவனுடைய சரிவில் கனத்த மாடு ஏறாது. அவனிடம் தவிடும் புண்ணாக்கும் வாங்கப் பணமில்லை. உண்ணி மருந்து வாங்கவும் வழியில்லை. ஆகவே சிறிய, இலேசான, அற்பப் புல்லைத் தின்று, மருந்தின்றித் தாங்கி, ஆண்டில் பத்து மாதமேனும் பால் தரும் பசு வேண்டும். இது ஒரு விலங்கியற் கணக்கு எனினும், யாருக்காக என்ற கேள்வி அக்கணக்கின் முதல் வரியிலேயே இருந்தது. மற்றவரினின்றும் அவர் வேறுபட்டது இங்கேதான் என்பது என் கருத்து.

அக்காலத்து மேனாட்டுக் கண்காட்சிகளில் மாட்டின் அழகுக்கே புள்ளி வழங்குவர். கொம்பின் வளைவும் முதுகின் நேரும் மடியின் வடிவமும் பார்ப்பர். ஜேர்சித் தீவில் 1834இலேயே இத்தகைய புள்ளி அட்டவணை வகுத்திருந்தனர். லெக்கி பார்த்தது பாற்பதிவேட்டை. ஹோப் பட்டியில் ஆண்டுக்கணக்காக எழுதப்பட்டிருந்த பதிவுகள் அவருக்கு மூலதனமாயின. பசுவின் தகுதியை அதன் பாலால் அறியலாம். காளை பால் தருவதில்லையே! அதன் தகுதியை அதன் பெண்மக்களின் பாலாலன்றி அறிய வழியில்லை. காளைக்குப் பிறந்த நாகுகள் வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, ஒரு கறவைக்காலத்தை முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு காளையைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்ல ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். அதற்குள் பஞ்சம் வரும், போர் வரும், மேலதிகாரி மாறுவார், பணம் நிறுத்தப்படும். ஆராய்ச்சி என்பது அறிவு மட்டுமன்று. பிடிவாதமும் ஆகும் என்பதற்கு இது சான்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பதிவு பார்த்தாலும், கொழுத்த தீனி கொடுத்து எடுத்த பதிவு அவருக்குப் பயனற்றது. குடியானவனின் புல்லில் எவ்வளவு பால் என்பதே கேள்வி. தீவின் நிலைமையில், தீவின் புல்லில், தீவின் உண்ணிகளுக்கிடையில் நின்று தேறிய மாடுகளையே தெரிந்தெடுத்தார். நாற்பதுகளில் பட்டி தெற்குச் சமவெளியிலுள்ள போடில்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றப்பட்டது. 1949இல் லெக்கி எடின்பரோப் பல்கலைக்கழகம் சென்று, இப்பட்டியின் பதிவுகளையே ஆதாரமாகக் கொண்டு வெப்ப வலயக் கறவை மாடுகளின் பிறப்புரிமைச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1952இல் யமேக்கா ஹோப் தனியினமாக அங்கீகாரம் பெற்றது.

வளர்ந்த பசு ஏறத்தாழ 500 கிலோகிராம். காளை 700 முதல் 800 வரை. நிறம் ஒன்றல்ல, மான் நிறமும் பழுப்பும் கருமையும் உண்டு. தலையும் மடியும் ஜேர்சியை நினைவூட்டும். 305 நாட்கொண்ட ஒரு கறவைக்காலத்தில் சராசரியாக 2,500 கிலோகிராம் பால். அதாவது நாளொன்றுக்கு எட்டு லீற்றர் என்க. ஒல்லாந்தின் பிறீசியனோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் அந்த ஒப்பீடே தவறு. கட்டிடத்தில் அடைத்துத் தானியம் ஊட்டப்படும் பசுவையும், மலைச்சரிவில் தானே மேய்ந்துவரும் பசுவையும் ஒரே தராசில் நிறுப்பது, நிலப்பிரபுவின் விளைச்சலையும் குத்தகைக்காரனின் விளைச்சலையும் ஒரே தராசில் நிறுப்பது போன்றது. ஓர் ஏக்கர் புல்லுக்கு, வெளியிலிருந்து வாங்கிய ஒரு பிடி தீனிக்கு எத்துணைப் பால் என்று கேட்டாற் கணக்கு மாறிவிடும்.

இவ்விடத்தில் நமக்குரிய ஒரு தொடர்பையும் குறிப்பிடல் தகும். ஐம்பதுகளில் இலங்கையின் சிந்தி மாடுகளைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர் பி. மகாதேவன். வெப்ப வலயத்தில் கறவை மாட்டு விருத்தி பற்றி 1958இல் அவர் எழுதிய நூல் இத்துறையினர் நன்கறிந்தது. இவரே வெலிங்டன் என்பவருடன் சேர்ந்து, யமேக்கா ஹோப் இனம் உருவான வரலாற்றை 1975இல் உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் கால்நடைச் சஞ்சிகையில் எழுதினார். யமேக்காவில் எழுந்த அதே கேள்வி இங்கும் எழுந்திருந்தது. அம்பேவெலை போன்ற குளிர்ந்த உயர்நிலத்தில் அயர்சயர் நிற்கும்; வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் என் செய்வது? சிந்தியும் சாகிவாலும் இங்கும் இறக்கப்பட்டன. எனினும், ஒரே பட்டியை ஒரே நோக்கத்தோடு நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து நடத்தும் பொறுமை நம் அரசினர்க்கு வாய்க்கவில்லை. 2017இல், நூற்றாண்டுக்கு முன் ஹோப் பண்ணையில் செய்து தோற்ற பரிசோதனையையே மீண்டும் செய்வதுபோல, ஆஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கான குளிர்நாட்டுக் கறவைகளைக் கடனுக்கு இறக்கி விவசாயிகளிடம் கொடுத்தனர். நோயும் சாவும் சினைப்படாமையும் கண்டு அவ்விவசாயிகள் கடனாளிகளாக முறையிட்டமை பத்திரிகைகளில் வந்த செய்தி.

லெக்கி ஹோப் இனத்தோடு நின்றாரல்லர். இறைச்சிக்கான யமேக்கா சிவப்பு, யமேக்கா கறுப்பு என்னும் இனங்களிலும் அவருக்குப் பெரும்பங்குண்டு. 1962இல் நாடு சுதந்திரம் பெற்றபின் 1978இல் அரசு அவருக்கு உயர் விருதளித்தது. ஹோப் மாடு கரிபியன் தீவுகளுக்கும் மத்திய அமெரிக்க நாடுகள் சிலவற்றுக்கும் சென்றது.

ஆனால் மலைச்சரிவுக் குடியானவன் என்னவானான்? இங்கே வரலாற்றாசிரியன் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. நல்ல பசு வந்துவிட்டது, நிலம் வரவில்லை. அடிமைக்காலத்துப் பங்கீடு பெரும்பாலும் அப்படியே இருந்தது. நாற்பதுகளில் போக் வோக்கில் எழுந்த டின்பால் ஆலைக்குப் பால் அனுப்பிய சிறு விவசாயர் பயனடைந்தனர் என்பது உண்மை. எனினும் பெரும்பட்டிகள் பெருநில உடைமையாளர் வசமே இருந்தன. பொக்சைட்டுக் கனியத்துக்காக மலைநிலங்களை வாங்கிக் குவித்த அந்நியக் கொம்பனிகளும் பெரும் மாட்டுப் பண்ணை வைத்திருந்தன. வறியவனுக்காக ஆக்கப்பட்ட பசு செல்வனின் வேலிக்குள்ளும் நன்றாகவே மேய்ந்தது. பசுவின் குற்றமன்று அது.

இதனினும் பெரிய அடி வெளியிலிருந்து வந்தது. 1977இல் யமேக்கா அரசு சர்வதேச நாணய நிதியத்தோடு முதல் உடன்படிக்கை செய்தது. கடன் மேல் கடனும், நிபந்தனை மேல் நிபந்தனையும் ஏறின. 1992இல் இறக்குமதிப் பால்மாவுக்கு இருந்த காப்புத் தீர்வை வீழ்ந்தது. உள்நாட்டுப் பாலுக்குக் கொடுத்த உதவியும் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய அரசுகள் தம் விவசாயிகளுக்கும் ஏற்றுமதியாளருக்கும் மானியம் கொடுத்து, மிஞ்சிய பாலை மாவாக்கி உலகெங்கும் மலிவாகத் தள்ளிய காலம் அது. மானியம் கொடுப்பது யமேக்காவுக்குக் குற்றம், ஐரோப்பாவுக்கு உரிமை! கிங்ஸ்ரன் ஆலைகள் புதுப்பாலை விட்டு மாவைக் கரைக்கத் தொடங்கின. 1993இல் விற்கவியலாத பால் நிலத்தில் ஊற்றப்பட்டதையும், எழுநூறு கறவைப் பசுக்கள் காலத்துக்கு முன்னரே வெட்டப்பட்டதையும் ஸ்ரெபனி பிளாக் என்பவர் 2001இல் எடுத்த ‘வாழ்வும் கடனும்’ என்ற விவரணப் படம் எடுத்துக்காட்டுகின்றது. 1992இல் ஏறத்தாழ 38 மில்லியன் லீற்றராக இருந்த தீவின் பாலுற்பத்தி, இருபது ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு இறங்கிற்று.

1977 என்ற ஆண்டைப் படிக்கையில் இலங்கை வாசகர் ஒருகணம் தயங்குவர். திறந்த பொருளாதாரம் என்ற பெயரில் நம் துறைமுகமும் அவ்வாண்டிலேயே திறக்கப்பட்டது. நம் தேநீர்க் கோப்பையிலும் கடல்கடந்து வந்த மாவே கரைந்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2021, 2022ஆம் ஆண்டுகளில், பால்மாப் பொதி ஒன்றுக்காகக் கடைவாசலில் வரிசையில் நின்ற தாய்மாரை நாம் கண்டோம். அவ்வரிசைக்கு மிக அண்மையிலேயே மேய்ந்துகொண்டிருந்த மாடுகளையும் கண்டோம்.

வெட்டப்பட்ட பசுவின் இழப்பு அதன் விலையளவில் நிற்பதன்று. பெருந்தொகைப் பட்டி இருந்தாலன்றிக் காளைகளைச் சோதிக்க இயலாது; சோதிக்கப்பட்ட காளை இல்லையேல் இனம் முன்னேறாது; சிறிய பட்டியில் உறவுக்கலப்பு மிகும். பண்ணைகள் மூடப்பட, பதிவேடு எழுதுவோரும் குறைந்தனர். எஞ்சிய பண்ணையாளர் சிலர் கூடிய பாலுக்காகப் பிறீசியன் விந்தை வாங்கிக் கலந்தனர். நாற்பது ஆண்டுகள் சேர்த்த தெரிவு மெல்ல மெல்ல நீர்த்தது. போடில்ஸில் அரசின் மூலப்பட்டி சிறிதாகவேனும் எஞ்சிற்று.

லெக்கி 1994இல் தொண்ணூறு வயதை அணுகிய நிலையிற் காலமானார். பால் நிலத்தில் ஊற்றப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அது.